தம்பி மேல் கேஸ், நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். வக்கீலை எப்படிப் பார்த்துப் பிடிப்பது? (மேலூர் பக்கம்)

மடைத்தண்ணி | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், முதல்முறையாக எழுதுகிறேன். எங்கள் ஊர் மேலூரிலிருந்து உள்ளே தள்ளி, பெரியாறு கால்வாய்ப் பாசனம். நான் கல்யாணமாகித் திருப்பாலையில் இருக்கிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் மடை திறக்கிறதில் என் தம்பிக்கும் பெரியப்பா மகனுக்கும் வாய்ப்பேச்சு முற்றித் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. பெரியப்பா மகனுக்குத் தலையில் நாலு தையல். மண்வெட்டிக் காம்பு பட்டது என்கிறார்கள், அந்த மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதில் ஊரில் ஆளுக்கொரு பேச்சு. விலக்கிவிடப் போன எங்கள் அம்மாவும் வாய்க்கால் கரையில் விழுந்து வலதுகை மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டிலேயே பற்றுப் போட்டு விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து தம்பிக்கு போன். நாளைக் காலையில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான் என்று சொன்னார்களாம். அதற்குள் ஊரில் ஒரு பெரிய மனிதர் அப்பாவிடம் வந்து, "எனக்குத் தெரிந்த ஹைகோர்ட்டு வக்கீல் இருக்கிறார், அறுபதாயிரம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரிலிருந்து பையன் பேரையே எடுத்துவிடுவார், ஆனால் பணம் இன்று ராத்திரியே வேண்டும்" என்கிறார். அப்பா அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார், நான்தான் போனில் கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். தம்பிக்கு 24 வயது, வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கிற நேரம். எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. யாரைப் போய்ப் பார்ப்பது, என்ன கேட்பது, எதை நம்புவது, ஒன்றும் புரியவில்லை.

கோர்ட்டு வாசல் | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, முதலில் அந்தச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். நான் மதுரையில் 22 வருஷமாக வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. இந்த "இன்று ராத்திரியே பணம்" என்கிற பேச்சை வாரத்துக்கு ஒரு குடும்பமாவது என்னிடம் வந்து சொல்லும். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதிலிருந்து ஒருத்தர் பெயரை எந்த வக்கீலாலும் எடுக்கமுடியாது. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போடும்போது, சாட்சியம் இல்லையென்றால் விசாரணை அதிகாரி பெயரை விடலாம். இல்லையென்றால் ஹைகோர்ட்டில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். இரண்டுமே ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற வேலை இல்லை. இன்னொன்று, முடிவைச் சொல்லி அதற்கு விலை வைத்து ஃபீஸ் பேசவே கூடாது என்று வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி இருக்கிறது. "பெயரை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு" என்று ஒரு ஆள் சொன்னால் அவர் வக்கீலாக இருந்தாலும் தப்பு, புரோக்கராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"ஹைகோர்ட்டு வக்கீல்" என்பதிலும் மயங்காதீர்கள். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து நம்ம ஒத்தக்கடை ரோட்டில் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்புக் கோட்டு. பார் கவுன்சிலில் பதிவு செய்த எந்த வக்கீலும் மேலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நிற்கலாம், ஹைகோர்ட்டிலும் நிற்கலாம். போர்டில் எழுதியிருப்பது பதவி இல்லை. சீனியர் அட்வகேட் என்று ஹைகோர்ட்டே தகுதி கொடுப்பது வேறு விஷயம், அது உங்கள் கேஸுக்கு இப்போது தேவையும் இல்லை.

நாளைக் காலைக்குள் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவாகியிருப்பது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா? சி.எஸ்.ஆர். என்றால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது மாதிரி, வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண் இருக்கும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருஷம் போட்டுத் தேடினால் காப்பி வரும். 24 மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும் என்று 2016-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது (பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரி வழக்குகள் ஏறாது). அந்தக் காப்பி இல்லாமல் எந்த வக்கீலைப் பார்த்தாலும் அவர் பொதுவாகத்தான் பேசமுடியும்.

தறிச்சத்தம் | திங்கள், இரவு 10.31

அக்கா, குமாஸ்தா அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், செல்லூரில் இருக்கிறேன். ஒரு அடிதடி கேஸில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருத்தர் தானாக வந்து பேசினார், வெள்ளைச் சட்டை, கையில் நாலைந்து கேஸ்கட்டு, எல்லா வக்கீலும் அவருக்கு வணக்கம் சொல்கிற மாதிரியே தெரிந்தது. நாற்பதாயிரம் வாங்கினார். வக்காலத்தில் (நமக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற தாள்) கையெழுத்து வாங்கினார், அந்தத் தாளில் என் பெயரும் இல்லை, வக்கீல் பெயரும் இல்லை, எல்லாம் வெற்று. ஜாமீன் கிடைத்தது, அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு, நீ வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒன்றரை வருஷம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கதவைத் தட்டிப் பிடிவாரண்ட் என்று கூட்டிப்போனார்கள். நாலு வாய்தாவாக எனக்காக யாருமே ஆஜராகவில்லை. என் சின்ன மகள் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அதை இன்றுவரை மறக்கமுடியவில்லை.

என் வக்கீல் யார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் சொல்கிறேன், வக்கீலின் முகத்தைப் பார்க்காமல், அவர் வாயால் உங்கள் கேஸைப் பற்றி நாலு வார்த்தை கேட்காமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வழக்காடுபவள் | திங்கள், இரவு 11.12

நான் மதுரை மாவட்டக் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வேலை செய்கிற வக்கீல். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொண்டு நாளைக்கு ஒருத்தரை நேரில் பாருங்கள். அதற்கு முன்னால், மண்வெட்டியைப் பற்றி மேலே எழுதிய வரிகளை உடனே அழித்துவிடுங்கள் தங்கை. யார் கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லவேண்டியது. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், அதெல்லாம் பின்னால் சாட்சியமாக வந்து நிற்கும்.

ஸ்டேஷனுக்குப் போவது பற்றி. போகாமல் ஒளிவது சரியில்லை, சும்மா எழுந்து போய் நிற்பதும் சரியில்லை. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, தேவை இருந்தால்தான் கைது, அதற்கும் காரணம் எழுதவேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொன்னது. பழைய 41ஏ நோட்டீஸ் என்பார்களே, அது 2024 ஜூலை 1-லிருந்து பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 35(3). இன்ன தேதி, இன்ன நேரம் விசாரணைக்கு வா என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். போனில் கூப்பிடுவது நோட்டீஸ் ஆகாது, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் முறையான நோட்டீஸ் ஆகாது என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நோட்டீஸ்படி போய் ஒத்துழைத்துக்கொண்டே இருந்தால், காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யமுடியாது. போகாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அதனால் மரியாதையாக, "ஐயா, வருகிறேன், நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன்" என்று தம்பி சொன்னால் போதும்.

அப்புறம் அந்தக் "கையெழுத்து". விசாரணையில் போலீஸ் எழுதுகிற வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக்கூடாது என்றுதான் சட்டமே இருக்கிறது (பி.என்.எஸ்.எஸ். 181). நோட்டீஸ் வாங்கியதற்கு, கைதுக் குறிப்பாணைக்கு, இப்படிச் சில இடங்களில் கையெழுத்து உண்டு, அதைப் படித்துப் பார்த்துப் போடலாம். வெற்றுத் தாளில், பாதி எழுதிய தாளில் போடவே கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தமுடியாது, அரசியலமைப்பு 20(3). விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு, ஆனால் கேள்வி கேட்டு முடிக்கிறவரை வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உரிமை இல்லை. இதை முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் அங்கே போய்ச் சண்டை வராது.

ஒரு கேள்வி: புகார் கொடுத்தவர் பங்காளிதானே? எதிர்த்தரப்பு பட்டியலினத்தவராக இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் (நம்ம பக்கம் பி.சி.ஆர். கேஸ் என்பார்கள்) முன்ஜாமீனுக்குப் பிரிவு 18 தடை. அப்போது பேச்சே வேறு.

கொட்டாம்பட்டி ரோடு | செவ்வாய், காலை 6.20

இத்தனை சட்டம் பேசுகிறீர்கள், நடைமுறை ஒன்று சொல்கிறேன். தம்பியை இன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். நெஞ்சு வலி, முதுகில் அடி என்று ஏதாவது சொல்லட்டும். நம்ம பக்கமிருந்து ஒரு கவுன்டர் கேஸ் (எதிர்ப் புகார்) விழுந்தால் அவர்களும் இறங்கி வருவார்கள், எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது இதுதான்.

கோர்ட்டு வாசல் | செவ்வாய், காலை 6.48

அண்ணே, கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் இதை இங்கே யாரும் செய்துவிடக்கூடாது. இல்லாத அடியைச் சொல்லிப் படுத்தவரைக் கூண்டில் நிற்க வைத்து டாக்டரின் குறிப்பை எதிர்த்தரப்பு வக்கீல் படிக்கும்போது என்ன ஆகும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளிக்காயம் இல்லை என்று டாக்டர் ஒரே வரி எழுதியிருப்பார். அந்த ஒரு வரியில், அந்த ஆள் உண்மையாகச் சொன்னதும் சேர்ந்து போய்விட்டது. பொய்ப் புகாருக்குத் தனியாக வழக்கும் வரும்.

ஆனால் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு உண்மையிலேயே கை வீங்கியிருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்? இன்று காலையிலேயே மேலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எப்போது, எங்கே, எப்படி விழுந்தார், யார் இருந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ஏ.ஆர். (காயத்தை ஆஸ்பத்திரியில் பதிகிற குறிப்பு) போடுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐந்து நாள் தாமதம் என்று அதில் தெரியத்தான் செய்யும், தெரியட்டும், பற்றுப் போட்டிருந்தோம் என்பதையும் சொல்லுங்கள். தாமதமான உண்மைக்கு விளக்கம் கொடுக்கமுடியும். அதை வைத்து உங்கள் பக்கப் புகாரும் கொடுக்கலாம். ஒரே சம்பவத்தில் இரண்டு பக்கமும் புகார் என்றால் இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரிக்கவேண்டும், போலீஸ் நிலையாணை 566 அதைத்தான் சொல்கிறது.

மடைத்தண்ணி | செவ்வாய், காலை 8.15

அந்த வரிகளை அழிக்க முயன்றேன், நேரம் தாண்டிவிட்டது என்று வருகிறது. நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறேன். மேடம், ஆமாம், சொந்தப் பெரியப்பா மகன்தான், ஒரே பங்காளிகள்.

எஃப்.ஐ.ஆர். கிடைத்துவிட்டது! பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3). தம்பி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி நீங்கள் சொன்ன மாதிரியே பணிவாக நோட்டீஸ் கேட்டான். ரைட்டர் கொஞ்சம் சத்தம் போட்டாராம், அப்புறம் "சரி, நாளைக்கு வந்து நோட்டீஸ் வாங்கிக்கோ" என்றாராம். அம்மாவைச் சித்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

வழக்காடுபவள் | செவ்வாய், காலை 8.52

நல்லது. 296(பி) ஆபாசமாகத் திட்டியது, பழைய 294(பி). 115(2) காயம், பழைய 323. 118(1) ஆயுதத்தால் காயம், பழைய 324. 351(3) கொலைமிரட்டல், பழைய 506(2). நம்ம பக்கம் எந்த வரப்புத் தகராறு எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் இருக்கும், பார்த்துப் பயப்படவேண்டாம். இதில் அதிகபட்சமே ஏழு வருஷம், அதுவும் 351(3)-க்கு. எனவே 35(3) நோட்டீஸ் உங்களுக்குப் பொருந்தும். கொலை முயற்சி (109) சேர்ந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இன்றைக்கு இரண்டு வக்கீலையாவது பாருங்கள். ஒருத்தரோடு நிறுத்தாதீர்கள், ஒப்பிட ஒருத்தர் வேண்டும். அவர் தினமும் எந்தக் கோர்ட்டில் நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் வழக்கு மேலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் வரும். மதுரையில் எவ்வளவு பெயர் எடுத்தவராக இருந்தாலும் மேலூருக்கு வாய்தாவுக்கு வராமல் ஜூனியரை அனுப்பினால், அந்த ஜூனியர் யார், அவருக்குக் கேஸ் தெரியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொத்து வழக்கில் கெட்டிக்காரராக இருப்பவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதிலும் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்றில்லை. போன மாதம் எத்தனை கிரிமினல் சாட்சி விசாரித்தீர்கள் என்று கேட்டால் நல்ல வக்கீல் யாரும் கோபப்படமாட்டார். பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

ஃபீஸ் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பேசுங்கள். முன்ஜாமீன் அல்லது ஜாமீன் தனி, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வழக்கு நடத்துவது தனி, ஹைகோர்ட்டு போனால் அது தனி. எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று முதல் நாளே வாங்கிக்கொள்கிற இடத்தில் இரண்டாவது வருஷம் உங்களைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கொடுத்ததற்கு ரசீதோ, குறைந்தது வங்கி வழியாக அனுப்பிய பதிவோ இருக்கட்டும்.

பேருந்துக்காரர் | செவ்வாய், காலை 9.30

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? எங்கள் மாமா ஒரு கேஸில் முழுசாகச் சொன்னார், அது எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது என்று இன்றும் சொல்வார். அதனால் பாதியைத்தான் சொல்லவேண்டும் என்பது எங்கள் வீட்டில் வழக்கம்.

வழக்காடுபவள் | செவ்வாய், மதியம் 1.20

கட்சிக்காரர் தன் வழக்குக்காகச் சொன்னதை வெளியே சொல்ல வக்கீலுக்கு அனுமதி இல்லை, சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது (பி.எஸ்.ஏ. 132). சொன்னால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்கள் மாமா விஷயத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் பெரும்பாலும் நான் பார்த்தது, வக்கீல் அறையில் கூடவே பத்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், செய்தி அவர்கள் வழியாகத்தான் போயிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தனியாகப் பேசவேண்டும், அப்பா அம்மா இருந்தால்கூட வெளியே இருக்கட்டும்.

பாதி சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? ஜாமீன் மனுவில் "சம்பவ இடத்திலேயே இல்லை" என்று எழுதுவேன். எதிரே அரசு வக்கீல் சிசிடிவி படத்தைக் காட்டுவார். அதன்பிறகு அந்த வழக்கில் நான் சொல்கிற எதையும் நீதிபதி நம்பமாட்டார். இது எனக்கே நடந்தது, அந்தப் பையன் உண்மையில் தப்பிக்கவேண்டிய பையன்.

வைகைக்கரை மீனா | செவ்வாய், மதியம் 2.05

பணம் இல்லாதவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன், இந்த இழையைப் பின்னால் யாராவது தேடிப் படிப்பார்கள். என் வீட்டுக்காரர் போன வருஷம் அரசரடி ஜெயிலில் நாற்பத்தெட்டு நாள் இருந்தார். கையில் ஒன்றும் இல்லை, இரண்டு பிள்ளை. ஜெயிலில் மனுப் பார்க்கப் போனபோது வரிசையில் முன்னால் நின்ற அம்மா சொல்லித்தான் 15100 என்கிற இலவசச் சட்ட உதவி எண்ணுக்குப் போன் பண்ணினேன், அப்புறம் மாட்டுத்தாவணியில் இறங்கி மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன், எனக்கு எழுத வரவில்லை என்றபோது அங்கே இருந்த பெண்ணே எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. வந்த வக்கீல் ஜெயிலுக்கே போய் அவரைப் பார்த்துப் பேசினார். ஜாமீன் வந்தது.

தறிச்சத்தம் | செவ்வாய், மதியம் 2.40

அக்கா, உங்களுக்கு நல்லபடியாக அமைந்தது. ஆனால் இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று வருவார்கள் என்பது பொய்யில்லையே. என் அண்ணன் கேஸில் மூன்று வாய்தாவுக்கு மூன்று பேர் வந்தார்கள்.

கோர்ட்டு வாசல் | செவ்வாய், மாலை 5.15

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். முன்பு பட்டியலில் உள்ள வக்கீல்களுக்குத் தன் சொந்தக் கேஸுக்கு நடுவில் இதையும் பார்க்கிற நிலைமை. 2022-க்குப் பிறகு வந்த ஏற்பாட்டில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே முழுநேரமாக வக்கீல்களை வைத்திருக்கிறார்கள், அவர்கள் வெளியே தனியாகக் கேஸ் எடுக்கக்கூடாது. நான் பார்த்தவரை அதற்கப்புறம் மாற்றம் தெரிகிறது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர் எவரானாலும், இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் கொடுக்கவேண்டும், 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பிரிவு 12. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் "எனக்கு வக்கீல் இல்லை, வேண்டும்" என்று சொன்னால் அங்கேயே ஏற்பாடு செய்வார்கள். வருகிறவர் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அதே ஆணைக்குழுவில் எழுதிக்கொடுத்து மாற்றச் சொல்லலாம், உங்கள் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அதுதான் வருத்தம்.

ரிமாண்டு என்று எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், என்ன காரணம் என்று சொல்லவேண்டும், வீட்டில் ஒருத்தருக்குத் தகவல் கொடுக்கவேண்டும். மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா" என்று கேட்பார். அடித்திருந்தால் அந்த இடத்தில் சொல்லவேண்டும், பயந்து இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழக்கூடாது. 2020-ல் சாத்தான்குளத்தில் ஒரு அப்பாவும் மகனும் போனது எப்படி என்று தமிழ்நாடே பார்த்தது. மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து விசாரித்தது அதற்குப் பிறகுதான், ஆனால் உயிர் போனபிறகு.

மடைத்தண்ணி | புதன், இரவு 8.30

இரண்டு வக்கீலைப் பார்த்தோம். அந்த அறுபதாயிரம் பெரிய மனிதரிடம் அப்பாவே, "வக்கீலை நேரில் பார்த்து நாங்களே பேசுகிறோம், கூட்டிப்போங்கள்" என்றார், அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

முதல் வக்கீல் ஆபீஸில் கூட்டம், ஏசி, சுவரெல்லாம் போட்டோ. எஃப்.ஐ.ஆரைக் கையில் கொடுத்தோம், வாங்கி மேசையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் தனக்கு எந்த அதிகாரியைத் தெரியும், எந்த எம்.எல்.ஏ. போனில் பேசுவார் என்று சொன்னார். கடைசிவரை அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பணம் இருபத்தைந்தாயிரம் என்றார்.

இரண்டாமவர் மேலூரிலேயே சின்ன ஆபீஸ், மாடிப்படிக்குக் கீழே. வயது ஐம்பது இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஃப்.ஐ.ஆரை முதல் வரியிலிருந்து படித்தார், பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நாங்கள் பேச ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அப்புறம் எங்கள் எல்லாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியை மட்டும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது தம்பி கண் கலங்கி இருந்தான், ஆனால் ஐந்து நாளில் முதல்முறையாக "பசிக்குதுக்கா" என்றான்.

எங்களிடம் அவர் காட்டியது: சம்பவம் வியாழன் மாலை 6.30, புகார் கொடுத்தது வெள்ளி பகல் 11. நடுவில் இவ்வளவு நேரம் ஏன், ஆஸ்பத்திரியில் முதலில் என்ன சொன்னார்கள் என்பதற்கு அவர்களின் ஏ.ஆர். காப்பியைப் பார்க்கவேண்டும் என்றார். "உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய்யலாம், உறுதி சொல்லமுடியாது" என்றும் சொன்னார். அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை, உறுதி சொல்லாதவர் எதற்கு என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது. முன்ஜாமீன் மனுவைத் தயார் செய்து வைப்பது, நோட்டீஸுக்குக் கூட வருவது இரண்டுக்கும் பன்னிரண்டாயிரம், பாதி இப்போது. வக்காலத்தில் குற்ற எண், கோர்ட்டுப் பெயர் எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து வாங்கினார். அப்பா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார், சங்கிலி அம்மா கழுத்தில்தான் இருக்கிறது.

இன்னும் சில கேள்வி இருக்கிறது. பின்னால் இவர் சரியில்லை என்றால் மாற்றமுடியுமா? பாஸ்போர்ட் என்ன ஆகும்? பெரியப்பா வீட்டோடு சமாதானமாகப் போக வழி உண்டா? அம்மா ராத்திரியெல்லாம் அதையே கேட்கிறார்.

கோர்ட்டு வாசல் | புதன், இரவு 9.10

தங்கச்சி, நல்ல ஆளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். மாற்றலாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்துப் போடுவது வழக்கம், அவர் மறுத்தால் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ்கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் அதைவிட நல்லது, முதல் நாளிலிருந்தே எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். குற்றப்பத்திரிகை போட்டு வழக்கு எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண் வரும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி உங்கள் போனிலேயே தெரியும். செல்லூர்த் தம்பிக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

முன்ஜாமீன் தேவைப்பட்டால் மதுரை செஷன்ஸ் கோர்ட்டிலேயே போடலாம், நேராக ஹைகோர்ட்டு என்று செலவு வைக்கவேண்டாம், அங்கே தள்ளுபடியானால் அடுத்து ஹைகோர்ட்டு இருக்கிறது. கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரும், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்கிற மாதிரி நிபந்தனையும் வரும். ஜாமீன்தாருக்கு ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று கேட்பார்கள். சொந்தத்தில் யார் நிற்பார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள், ஆர்டர் வந்தபிறகு ஆள் தேடி அலைகிற குடும்பம் எத்தனையோ.

வழக்காடுபவள் | புதன், இரவு 10.25

பாஸ்போர்ட் பற்றி. கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்று 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் 6(2)(எஃப்) இருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கிற கோர்ட்டில் அனுமதி வாங்கினால் கொடுப்பதற்கு 1993-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அது தனிக் குற்றம். உங்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

சமாதானம் பற்றி. 115(2) போன்றவற்றைக் கோர்ட்டிலேயே சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, 296(பி) போன்றவற்றுக்கு இல்லை. அதனால் இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் மொத்த வழக்கையும் ரத்து செய்யக்கோரி ஹைகோர்ட்டுக்குப் போவார்கள், பி.என்.எஸ்.எஸ். 528. இப்படித் தனிப்பட்ட தகராறுகளை சமாதானத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பங்காளிச் சண்டையில் இது அடிக்கடி நடக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெள்ளைப் பேப்பரில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கேஸ் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாள் ஸ்டேஷனையும் கோர்ட்டையும் கட்டுப்படுத்தாது, கேஸ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தம்பி நேராகப் போய்ப் பெரியப்பா மகனிடம் பேசவும் வேண்டாம், சாட்சியை மிரட்டினான் என்று இன்னொரு புகார் வரும். வக்கீல் மூலமாக, இல்லையென்றால் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் மூலமாக, அதுவும் வக்கீலுக்குத் தெரிந்து நடக்கட்டும்.

மடைத்தண்ணி | சனி, மாலை 6.50

நேற்று நோட்டீஸ்படி போய் வந்தான். வக்கீலின் ஜூனியர் கூட வந்தார், நேற்று முன்தினமே எங்கள் வீட்டில் உட்கார்ந்து எஃப்.ஐ.ஆரைப் படித்துத் தம்பியிடம் பேசிவிட்டுப் போனார். ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அப்புறம் அரைமணி நேரம் கேள்வி. எஸ்.ஐ. பேரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். ஒரு தாளை நீட்டி ஏட்டு கையெழுத்துக் கேட்டபோது தம்பி, "படித்துவிட்டுப் போடுகிறேன் ஐயா" என்றானாம், ஒரு நிமிடம் யாரும் பேசவில்லையாம், அப்புறம் அவரே படிக்கச் சொல்லிக் கொடுத்தார். விசாரணைக்கு ஆஜரானதற்கான குறிப்புத்தான், போட்டான். அடுத்து கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் மெல்லிய விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். பற்றுப் போட்டு ஐந்து நாள் வைத்திருந்ததற்கு டாக்டர் திட்டினாராம். எங்கள் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள், நகல் எடுத்து அப்பா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைப் பையில் எல்லாத் தாளையும் சேர்த்து வைத்திருக்கிறார். முன்ஜாமீன் மனு தயாராக இருக்கிறது, இப்போதைக்குப் போடவேண்டாம், 118(1)-க்கு மேல் பிரிவை மாற்றினால் அன்றைக்கே போடலாம் என்கிறார் வக்கீல். ஜாமீன்தாராக என் வீட்டுக்காரரும் சித்தப்பாவும் நிற்கிறார்கள், வீட்டு வரி ரசீது எடுத்து வைத்தாயிற்று.

திங்கட்கிழமை அம்மாவின் ஏ.ஆர். காப்பி வாங்க மேலூர் போகிறோம். அதற்கு ஸ்டேஷனில் கடிதம் வாங்கவேண்டுமா, ஆஸ்பத்திரியில் நேரடியாகக் கொடுப்பார்களா அண்ணே?

கோர்ட்டு வாசல் | சனி, இரவு 7.30

முதலில் ஆஸ்பத்திரியில் அம்மாவே கையெழுத்துப் போட்ட மனுவோடு கேட்டுப் பாருங்கள். ஏ.ஆர். எண்ணும் போன தேதியும் மனுவில் எழுதுங்கள், அம்மாவின் ஆதார் நகலும் வையுங்கள். கொடுக்கமாட்டோம் என்றால் மனுவை வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வக்கீலிடம் கொடுங்கள், அவர் வேறு வழியில் எடுப்பார். காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள் தங்கச்சி, பத்துக்கு மேல் அங்கே கூட்டம் தாங்காது.